பூமயிலைத் தேடிப் போன புகைக்கூண்டுக்காரர்கள்

பூமயில் குதித்தாள். ஆனால் விழவில்லை.

செங்குளம் தைப்பூசத் திருவிழாவுக்கு வந்திருந்த மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. புகைக்கூண்டு கோயில் கோபுரத்தைத் தாண்டி, பருந்து வட்டமிடும் உயரத்தையும் தாண்டிப் போயிருந்தது. காடாத்துணியில் தைத்த பெரிய பை அது. குழி வெட்டி, தீ மூட்டி, சூட்டையும் புகையையும் அதற்குள் நிரப்பிக் கட்டுக்கயிறுகளை விட்டால் குப்பென்று கிளம்பிவிடும். பையின் அடியில் ஓர் ஊஞ்சல் கட்டை தொங்கும். அதில் உட்கார்ந்து போனவள், நல்ல உயரம் வந்ததும் கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கட்டையிலிருந்து நழுவினாள். அவள் இடுப்பு வாரோடு இணைந்த குடை, அதாவது பாராசூட், பையிலிருந்து அறுத்துக்கொண்டு வந்து விரிந்திருக்க வேண்டும். அவள் ஆடி அசைந்து வயல்காட்டில் இறங்கியிருக்க வேண்டும்.

குடை அறுத்துக்கொண்டு வரவில்லை. நீளமாக இழுபட்டுப் பையிலேயே தொங்கியது. குடைக்கு அடியில், கிணற்றில் விட்ட வாளி மாதிரி பூமயில் தொங்கினாள்.

கீழே நின்ற அவளுடைய அண்ணன் மாசானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டமோ இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. பூமயில் கழைக்கூத்தாடிக் குடும்பத்துப் பெண். நடக்கப் பழகிய கையோடு கயிற்றில் ஏறப் பழகியவள். தொங்கின இடத்தில் பயந்து உறைந்துபோகாமல், குடைக் கயிறுகளைப் பற்றி மேலே மேலே ஏறி மறுபடியும் ஊஞ்சல் கட்டையைப் பிடித்துவிட்டாள். அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

மற்ற நாட்களில் அவள் குதித்ததும் ஆள் பாரம் இல்லாத பை தலைகுப்புறக் கவிழ்ந்து, புகையைக் கக்கிவிட்டு, பக்கத்திலேயே எங்காவது விழுந்துவிடும். இன்று அவள் பாரம் அடியில் இருந்ததால் பை கவிழவே இல்லை. கிழக்கேயிருந்து அடித்த கொண்டல் காற்று அதை மேற்கு மலையை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. பூசணிக்காய் அளவு தெரிந்தது எலுமிச்சை அளவானது. அப்புறம் முதல் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தேபோனது.

புகைக்கூண்டுக்குச் சொந்தக்காரரான ஞானசிகாமணி திரும்பி மாசானத்தைப் பார்த்தார். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை செய்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். தலையில் எப்போதும் ஒரு பழைய தொப்பி இருக்கும். அது இப்போது கையில் இருந்தது.

"எலே மாசானம், குடையப் பையில எந்தக் கயித்தால கட்டுன?"

"நீங்க குடுத்த கயித்தாலதான் மொதலாளி. ஆனா..."

"என்னலே ஆனா?"

"ரெட்டயாக் கட்டுனேன். அது நூலு மாதிரி இருந்திச்சு மொதலாளி. அத நம்பி எந்தங்கச்சிய எப்படி ஏத்துறது? அதான் ரெண்டு இழையாத் திரிச்சு, நாலு சுத்துச் சுத்தி..."

ஞானசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது அறுறதுக்குன்னே வச்ச கயிறுலே. அவ பாரம் விழுந்ததும் அது அந்தாலேயே அறணும். அறுந்தாத்தாம்லே குடை விரியும்."

வழக்கமாக அந்தக் கயிற்றைக் கட்டுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வேலை மாசானத்தின் கைக்கு வந்திருந்தது. அவன் பிறந்த குடும்பத்தில் கயிறு அறுந்தது என்றால் யாருக்கோ பாடை கட்டியாயிற்று என்று அர்த்தம். அறுவதற்கென்றே உலகத்தில் ஒரு கயிறு இருக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். தங்கைமேல் இருந்த பாசத்தில், கண்ணும் கருத்துமாக, தன் கையாலேயே அவளை ஆகாயத்தில் கட்டி அனுப்பிவிட்டான். அது புரிந்த நிமிஷத்தில் அவன் நெஞ்சு வெந்துபோயிற்று.

"ஆனது ஆச்சி," என்றாள் கோமு. தீக்குழியைப் பார்த்துக்கொள்கிற பொம்பளை அவள். நெற்றி முதல் முழங்கை வரை எப்போதும் கரி அப்பியிருக்கும், வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். "இப்ப இங்ஙன உக்காந்து ஒப்பாரி வைக்கப் போறமா, இல்ல எந்திரிச்சுப் போறமா?"

"எங்கன்னு போறது கோமு? மேக்க பூராவும் மலையில்லா?"

"சூடு எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாதா மொதலாளி? இன்னிக்குப் போட்டது பனமட்டையும் தேங்காச் செரட்டையும். நல்ல சூடுதான். ஆனா காத்து குளுந்த காத்து. ஒரு பான சோறு கொதிச்சு வடிக்கிற நேரம் நிக்கும், அதுக்கு மேல நிக்காது. மொத மலையத் தாண்டியிருக்கும். ரெண்டாவது மலையத் தாண்டியிருக்காது. நடுவுலதான் எங்கயோ கெடக்கா."

ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். அந்தக் காட்டில் யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, விறகுக்குப் போகிறவனே முதல் ஓடையோடு திரும்பிவிடுவான், ஒரு வாரம் கழித்து ஆளும் பேருமாகப் போய்ப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மாசானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். இருந்த கயிறுகளையெல்லாம் சுருட்டித் தோளில் மாட்டினான். ஒரு அரிவாள், தண்ணீர் நிரப்பிய சுரைக்குடுக்கை, ஒரு மூட்டை அவலும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டான்.

"எந்தங்கச்சி அங்ஙன உசிரோட இருக்கா. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேற்கே நடந்தான்.

கோமு தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் கிளம்பினாள். ஞானசிகாமணி தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

மூன்று பேரும் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி உடைமுள் காட்டைக் கடந்தார்கள். அதற்குப் பிறகு மரங்கள் நெருங்கி வெளிச்சம் குறைந்தது. காலில் அட்டைகள் ஏறின. ஞானசிகாமணிக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. கூட்டத்துக்குச் சொல்கிற கதைகளைக் காட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஸ்பெயின் தேசத்தில் ஒரு அறிவாளி உடம்பு முழுக்க இறகைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து கொஞ்ச தூரம் பறந்தே விட்டாராம். ஆனால் பறவை வாலை வைத்துத்தான் இறங்குகிறது என்பதை மறந்துபோனதால் முதுகில் அடிபட்டதாம்.

"வால மறந்துட்டாராக்கும்," என்றாள் கோமு. "நம்மாளு மறக்காம ஒண்ணுக்கு ரெண்டாக் கட்டிட்டான்."

மாசானம் கேட்டும் கேளாதவன் போல அரிவாளால் கொடியை வெட்டிக்கொண்டே முன்னால் போனான்.

"பொறவு பிரெஞ்சு தேசத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு," என்று ஞானசிகாமணி தொடர்ந்தார். "காகிதம் செய்யிற குடும்பம். அவங்கதான் இந்தப் புகைக்கூண்டு வித்தைக்கே மூலம். புகைதான் பையத் தூக்குதுன்னு நெனச்சு ஈர வைக்கோலையும் ஆட்டு மயிரையும் போட்டு நாத்தம் புடிச்ச புகையாப் போட்டாங்க. தூக்குனது புகையில்ல, சூடு. அது அவங்களுக்குத் தெரியல. தெரியாமலே பறக்க விட்டுட்டாங்க பாரு. மொதல்ல ஏத்துனது மனுசனயில்ல. ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். ராசாவும் ராணியும் வந்து பாத்தாங்க. மூணும் உசிரோட எறங்கிச்சு. சேவலுக்கு மட்டும் றெக்கையில காயம். ஆடு மிதிச்சிட்டுன்னு சொல்லுவாங்க."

"ஆடு எறங்கிச்சுல்லா?" என்று மாசானம் முதன்முறையாகத் திரும்பிக் கேட்டான்.

"எறங்கிச்சுலே."

"அப்ப எந்தங்கச்சியும் எறங்கியிருப்பா." அவன் மறுபடியும் நடக்க ஆரம்பித்தான்.

ஓடை குறுக்கிட்டபோதுதான் முதல் சோதனை வந்தது. இறங்கிக் கடக்கிற ஒரே துறையில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று சாவகாசமாகச் சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டு நின்றது. அது போகும் என்று மரத்துக்குப் பின்னால் பதுங்கிக் காத்திருந்தார்கள். அது போவதாக இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"மேல போவோம்," என்றான் மாசானம் மெல்ல.

சத்தம் போடாமல் கரையோடு ஏறிப் போனார்கள். ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி, ஆழத்தில் இரைந்துகொண்டு போகிற இடம் வந்தது. மாசானம் கயிற்று நுனியில் ஒரு கட்டையைக் கட்டி, எதிர்ப்பக்கம் நின்ற மரத்தின் கவட்டையில் விழும்படி வீசினான். மூன்றாவது வீச்சில் அது மாட்டிக்கொண்டது. இந்தப் பக்க நுனியை மரத்தில் கட்டிவிட்டு, கைகளை விரித்தபடி கயிற்றின்மேலேயே நடந்து அக்கரைக்குப் போய் அங்கேயும் இறுக்கிக் கட்டினான். இடுப்பு உயரத்துக்கு மேலே பிடித்துக்கொள்ள இரண்டாவது கயிறு ஒன்றையும் இழுத்துவிட்டான். கோமு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் கடந்துவிட்டாள். ஞானசிகாமணிதான் நடுவில் போய் நின்றுகொண்டார். கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது.

"எலே, இது அறாதுல்லா?"

"அறாது மொதலாளி. ரெட்டயாத்தான் கட்டியிருக்கேன்."

இதைச் சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஞானசிகாமணி ஒவ்வொரு அடியாக வந்து சேர்ந்தார். கரையேறியதும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இருட்டுமுன்னே ஒரு பாறையிடுக்கில் ஒதுங்கி, முன்னால் தீ மூட்டிக்கொண்டு படுத்தார்கள். மாசானம் தூங்கினானா என்று கேட்டால் இல்லை. கிழக்கு வெளுக்கும்போதே மற்ற இருவரையும் எழுப்பிவிட்டான். பனியில் வழுக்குகிற புல்லைப் பிடித்துப் பிடித்து ஏறி, முதல் மலையின் முகட்டைத் தொட்டபோது எதிரே ஒரு பள்ளத்தாக்கும், அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான ஒரு பாறைச் சுவரும் தெரிந்தன. கோமுதான் முதலில் பார்த்தாள்.

"அந்தா வெள்ளயாத் தொங்குதே. நம்ம துணிதான அது?"

பாறையின் உச்சி விளிம்பில் முளைத்திருந்த ஒரு மரத்தில் புகைக்கூண்டின் கிழிந்த துணி மாட்டிக்கொண்டு படபடத்தது. அதற்கு வெகு கீழே, சுவரின் நடுவயிற்றில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. திட்டில் ஏதோ நிறமாகத் தெரிந்தது. மாசானம் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாகச் சீழ்க்கை அடித்தான். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. எதிரொலி அடங்கியபின் மெல்லியதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், இன்னொரு சீழ்க்கை வந்தது.

மாசானம் பாறைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கோமு அவனை அழ விட்டாள். பிறகு சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு பாறையின் உச்சிக்குப் போவதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் திட்டு தெரியவில்லை. பாறை தொப்பை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாசானம் ஓடையில் கட்டியது போக மிச்சமிருந்த கயிறுகளையெல்லாம் ஒன்றாக முடிந்து, ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். தொப்பையைத் தாண்டியதுமே அந்தரத்தில் தொங்கினான். திட்டு அவன் காலுக்குக் கீழே இன்னும் பத்து ஆள் ஆழத்தில் இருந்தது. அதோடு அவன் தொங்கிய இடத்திலிருந்து எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்கு உள்ளடங்கி இருந்தது. பூமயில் ஒரு கையை நெஞ்சோடு அணைத்தபடி அவனை அண்ணாந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, வந்துட்டேன்," என்று சொல்லி அவன் ஊஞ்சல் மாதிரி ஆடிப் பார்த்தான். அவன் ஆடிய ஆட்டத்தில் கயிறு பாறையின் அடிவயிற்றில் உரசியது. அங்கேதான் மலைத்தேனீக்கள் முறம் முறமாகக் கூடு கட்டியிருந்தன. அடுத்த நிமிஷம் அவன் தலையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு இரைச்சல் எழுந்தது. கோமுவும் ஞானசிகாமணியும் அலறல் கேட்டு இழுத்து மேலே போடுவதற்குள் அவன் முகம் பணியாரமாக வீங்கிவிட்டது. அது போதாதென்று, கயிறு உரசியதில் விளிம்பிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. கீழே மடாரென்று சத்தம் கேட்டது.

"பூமயிலு," என்று மாசானம் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"இருக்கேன். திட்டுல ஒரு ஓரம் போயிட்டு," என்று குரல் வந்தது. "மிச்சமும் விரிசல் விட்டிருக்கு. இனிமே மேலருந்து ஒண்ணும் பண்ணாதீங்க."

பாறையின் ஒரு பக்கத்தில் யானைத் தந்தம் மாதிரி ஒரு மலைக்கால் பள்ளத்தாக்குக்குள் நீண்டிருந்தது. அதன் முனைக்குப் போய் நின்றால் திட்டு நேர் எதிரே தெரியும், பேசினால் காதில் விழும். மூன்று பேரும் அங்கே ஓடினார்கள். இப்போது அவளை முழுசாகப் பார்க்க முடிந்தது. இடது தோள் பிசகித் தொங்கியது. அவளுக்குப் பின்னால் கயிறும் துணியுமாக ஒரு குவியல் கிடந்தது.

"அண்ணே, எங்கிட்ட குடை இருக்கு," என்றாள் பூமயில். "பை மரத்துல மாட்டிக் கிழிஞ்சு, குடை கட்டியிருந்த துண்டோட என்ன இங்ஙன ஆட்டிக் கொண்டு போட்டுட்டு. அந்தத் துண்டுல நீ போட்ட முடிச்ச பல்லால கடிச்சு அவுத்தேன். ஒரு பொழுது போயிட்டு அதுக்கே. ஒத்தக் கையால கயித்தப் புடிச்சு ஏற முடியாது. ஆனா இடுப்பு வாரு இருக்கு. குதிக்கலாம்."

"வேண்டாம்," என்றான் மாசானம் உடனே. "வேற வழி பாக்கேன்."

"வேற வழி எங்ஙன இருக்கு? நேத்துல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. திட்டு அடங்க மாட்டேங்குது, கீழருந்து சரசரன்னு மண்ணு கொட்டுது."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேலே போக முடியாது, பக்கவாட்டில் பிடிமானம் இல்லை. கீழே, தென்னை மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கினால் வருகிற ஆழத்தில், கோரைப்புல் சூழ்ந்த ஒரு குளம் மாதிரி ஆறு தேங்கி நின்றது. அவன் ஞானசிகாமணியின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காற்றை மோந்துகொண்டிருந்தார்.

"உயரம் போதும்லே. குடை விரியும். காத்துதான் ஆகாது. கொண்டல் பாறையப் பாத்து அடிக்கும்போது குதிச்சான்னா விரிஞ்ச குடையோட கொண்டுபோய்ச் சுவத்துல அறைஞ்சிரும். ஆனா மலக்காத்து அங்ஙனருந்து வெளிய வருது பாரு, அது நடுநடுவுல வருது. அந்த நேரம் குதிச்சா வெளிய தள்ளி ஆத்துல கொண்டு விட்டுரும்."

"எந்த நேரம்னு எப்படித் தெரியும்?"

கோமு முந்தானையில் இருந்த தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் கீழ போய்ப் பச்ச எலயாப் போட்டு மூட்டுதேன். புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துச் சொல்லுங்க. அந்தப் பிரெஞ்சுக்காரங்க புகைய நம்புனது இதுக்காவது ஆவட்டும்."

திட்டுக்குக் கீழேயும் பாறை புடைத்துக்கொண்டிருந்ததால் பூமயிலுக்கு அடிவாரம் தெரியாது. புகையையும் அவளையும் சேர்ந்தாற்போல் பார்க்கிற இடம் இந்த மலைக்கால் முனை ஒன்றுதான். யாராவது ஒருவர் இங்கே நின்று சொல்ல வேண்டும். ஞானசிகாமணி, நான் நிற்கிறேன் என்றார். எதிரிலிருந்து பூமயில் தலையை ஆட்டினாள்.

"அண்ணன் சொல்லணும்."

அவர்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றுமேல் நிற்கிறவர் தன்னிஷ்டத்துக்குக் காலெடுத்து வைக்கக் கூடாது. கீழே மேளம் அடிக்கிறவன் கயிற்றின் ஆட்டத்தைப் பார்த்து, "போ" என்று சொன்னபிறகுதான் முதல் அடி. ஏழு வயதிலிருந்து பூமயிலுக்கு அந்தச் சொல்லைச் சொல்லி வருகிறவன் மாசானம். வேறு ஒருவர் சொல்லி அவள் கால் நகர்ந்ததே கிடையாது.

கோமுவும் ஞானசிகாமணியும் சரிவில் உருண்டும் சறுக்கியும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் குளத்தங்கரையிலிருந்து கொழுத்த வெள்ளைப் புகை கிளம்பியது. ஞானசிகாமணி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். திட்டில் பூமயில் ஒரு கையாலும் பல்லாலும் வாரை இறுக்கி, குடைத்துணியை மடிப்பு மடிப்பாகத் தன் பின்னால் பரப்பினாள். பிறகு விளிம்புக்கு வந்து அண்ணனைப் பார்த்து நின்றாள்.

புகை நேராக எழுந்தது. பிறகு பாறையை நோக்கிச் சாய்ந்து சுவரில் மோதிச் சிதறியது. மாசானம் கையை உயர்த்தி, பொறு என்று காட்டினான். கொண்டல் ஓய்ந்தது. புகை ஒரு கணம் தடுமாறி, மெல்ல மெல்ல மறுபக்கம் திரும்பி, ஆற்றை நோக்கி வாகாகச் சாய்ந்தது.

இதுதான் நேரம். மாசானம் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. தன் வாயால் தங்கையை விழச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நேற்று கயிற்றை இரட்டையாகத் திரித்த அதே பயம் இன்றும் அவனைப் பிடித்துக்கொண்டது. புகை வளைந்து, மறுபடியும் சுவரில் போய் மோதியது.

"போச்சே," என்று கீழேயிருந்து ஞானசிகாமணி கத்தினது கேட்டது.

பூமயில் திட்டிலிருந்து அவனை முறைத்தாள். "என்னண்ணே, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"என்னால முடியல தாயி."

"முடியணும். நீ சொல்லலன்னா நானா குதிச்சிருவேன். கண்ண மூடிக்கிட்டுக் குதிக்கணும். அது வேணுமா, இல்ல நீ பாத்துச் சொல்லுதியா?"

அவள் காலடியில் ஒரு கை அளவு கல் பெயர்ந்து ஆழத்தில் போனது. அவள் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள், சமாளித்துக்கொண்டாள். அந்த ஒரு நொடியில் மாசானத்துக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. பிடித்து வைப்பதற்கு இனி எதுவும் இல்லை. அவள் அந்தத் திட்டில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும்தான் ஆபத்து. தன் பயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க இது நேரமல்ல. புகையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவன் வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு புகையைப் பார்த்தான்.

சுவரில் மோதுகிறது. இன்னும் மோதுகிறது. ஓய்கிறது. நேராக நிற்கிறது. திரும்புகிறது.

"போ தாயி!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் திட்டில் இல்லை. கல் மாதிரி நேராக இறங்கினாள். துணி அவள் தலைக்குமேல் சுருளாக நீண்டு படபடத்தது, ஆனால் விரியவில்லை. பாறையின் புடைப்பு அவளை நோக்கி வேகமாக ஏறி வந்தது. மாசானம் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றியது, ஆனாலும் மூடவில்லை. பட்டென்று ஒரு சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. குடை பூத்துவிட்டது. மலைக்காற்று அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, சுவரிலிருந்து விலக்கி வெளியே வெளியே கொண்டு போனது. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிதாக ஊசலாடினாள். கோமுவின் புகைக்குள் ஒருதரம் புகுந்து வெளிவந்து, கோரைப்புல்லை உரசிக்கொண்டு, குளத்தில் தொப்பென்று விழுந்தாள்.

மாசானம் சரிவில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கால் இரண்டும் தோலுரிந்துபோயிற்று. அவன் போய்ச் சேர்ந்தபோது ஞானசிகாமணி அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார். கோமு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுரைக்குடுக்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். பூமயில் தண்ணீரை விழுங்கிவிட்டு அண்ணன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மூஞ்சி இது? பூசணிக்கா மாதிரி ஆயிட்ட."

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். "நீ விழுந்திரக் கூடாதுன்னுதான் தாயி ரெட்டயாக் கட்டுனேன்."

"விழுறதுக்குத்தானே அண்ணே ஏறுதேன்," என்றாள் பூமயில். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். மாசானம் அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

கோமு ஒரு காலை அவள் விலாவில் ஊன்றிக்கொண்டு கையை இழுத்துத் தோளைக் கூட்டிவிட்டாள். பூமயில் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. பிறகு இரண்டு கழி வெட்டி, குடைத்துணியையே தூளியாகக் கட்டி அவளைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். ஓடைத்துறையில் இப்போது யானை இல்லை, அது போட்டுவிட்டுப் போன சாணிதான் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் செங்குளத்துக்குள் நுழைந்தபோது ஊரே திரண்டு வந்தது. போகாதே என்று சொன்ன பெரியவர்கள்தான் முதல் ஆளாக மாலையோடு நின்றார்கள். யாரோ மேளக்காரரையும் அழைத்து வந்துவிட்டார்கள். தூளியில் உட்கார்ந்திருந்த பூமயில் ராணி மாதிரி எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். அடுத்து எப்போது ஏறுவாய் என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, தோள் சரியானதும் ஏறுவேன் என்றாள்.

மறுநாள் காலையில், கிழிந்த குடைத்துணியை எண்ணித் தையலுக்குப் பிரித்துக்கொண்டிருந்த ஞானசிகாமணி மெதுவாகப் பேச்சை எடுத்தார். "மாசானம், நீ இனிமே தீக்குழிக்கு வெறகு பாத்துக்கோ. கயிறு கட்டுற வேலய நானே பாத்துக்கிடுதேன். தப்பா நெனச்சிராத."

மாசானம் தலைகுனிந்து சரி என்றான். நியாயம்தான் என்று அவனுக்கும் பட்டது.

"அதெல்லாம் முடியாது மொதலாளி," என்றாள் பூமயில் கட்டிலில் இருந்தபடியே. "அண்ணன்தான் கட்டணும்."

"அவன் கட்டுன சீரத்தான் பாத்தோமே தாயி."

"பாத்தோம். நீங்க கட்டுனா கயிறு சரியா இருக்கும். நான் கீழ வந்து சேராட்டா நீங்க வருத்தப்படுவீங்க, இன்னொரு ஆளத் தேடுவீங்க. அண்ணன் அப்படியா? நான் விழுந்தா வலிக்கிற ஆளு கட்டுனாத்தான் மொதலாளி எனக்குத் தைரியம். என்ன, அதுக்கு வேலயச் சொல்லிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

ஞானசிகாமணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கோமு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பெண்பிள்ளை சொல்வது சரிதானே என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

பாசம் இருந்தால் மட்டும் போதாது, பாசம் வைத்த ஆள் எதற்காக மேலே போகிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை மாசானத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவன் தானாகவே எழுந்து போய், மூலையில் குவிந்து கிடந்த கயிறுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஞானசிகாமணியின் முன்னால் போட்டுவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மொதல்லருந்து சொல்லுங்க மொதலாளி. இதுல எது அறுறதுக்கு, எது அறாம இருக்கதுக்கு?"